முதுமைக்கு யார் பொறுப்பு?



2007-ம் வருஷத்திய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோரைக் கைவிட்ட மகனுக்கு மூன்று மாதம் வரை சிறை. சரி. அதே சட்டத்தின் 19-வது பிரிவோ, ஜில்லாவுக்கு ஒன்றேனும், 150 ஏழை முதியோர் தங்கும் இல்லத்தை மாநில சர்க்கார் ‘அமைக்கலாம்’ என்கிறது. மகனுக்குக் கட்டாயம், சர்க்காருக்கு இஷ்டம்!

அறந்தாங்கி வயலில் நாற்று நட்டே முதுகு கூனிய தாயை, திருப்பூர் பனியன் கம்பெனியில் மாரடிக்கும் மகன் எப்படிப் பார்ப்பான்? 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் பென்ஷன், படுக்கையில் விழுந்தவளுக்குக் கஞ்சி காய்ச்சித் தருமா? புரட்டிப் படுக்க வைக்குமா?

‘அமைக்கலாம்’ என்பதை ‘அமைத்தே தீரவேண்டும்’ என்று திருத்தக் கோருவோம். புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு திரண்டு வாருங்கள். நாம் கேட்பது பிச்சையல்ல. உழைத்த உடம்புக்கு உரிய கூலி பாக்கி!