மாற்றிச் சொன்னால்தான் மனதில் தைக்கும்!



'இலக்கியத்திலும் நாடகத்திலும் நெஞ்சில் தைப்பது நேராகச் சொல்வதா? மாற்றிச் சொல்வதா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கொங்கு மண் கள்ளங்கபடம் இல்லாத மண். இங்கே வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு. சுத்தி வளைச்சுப் பேச எங்களுக்குத் தெரியாது" என்று முழங்கினார். ஐயா, கோயமுத்தூரில் நின்றுகொண்டா இதைச் சொன்னீங்க? 'கோயமுத்தூர்க் குசும்பு' என்று தமிழ்நாடே நமக்கு ஒரு பட்டம் குடுத்திருக்குதே, அது எதுக்குங்க? மத்த ஊர்ல கோபம் வந்தா மரியாதையைக் குறைப்பாங்க. நாங்க கோபம் வந்தாத்தான் ரெண்டு 'ங்க' சேர்த்துப் போடுவோமுங்க! (சிரிப்பு, கைதட்டல்)

எங்க அம்மிச்சி பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்லை. எங்க சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையோட அப்பா, "எங்களுக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க. உங்க புள்ளைக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றார். அதோடு விட்டாரா? "மூத்த மருமக நூறு பவுனோட வந்தா. சும்மா பேச்சுக்குச் சொல்றனுங்க" என்றார். எதிரணி சொல்வது போல நேராகப் பேசுவதென்றால், "இது வரதட்சணை, 1961-லேயே சட்டம் போட்டாச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அம்மிச்சி கையெடுத்துக் கும்பிட்டாங்க. "ஒண்ணுமே வேண்டாம்னு சொன்ன சம்பந்தி இந்தத் தாலுக்காவுலயே நீங்க ஒருத்தர்தானுங்க. இந்தப் பெரிய மனசை நாங்க மட்டும் பார்த்தாப் பத்தாதுங்க. நிச்சயத்தன்னிக்கு நாலு ஊர்ச் சனம் வருது. மைக்கு வெக்கறோம். இதே வார்த்தைய அதுல ஒருக்காச் சொல்லிப் போடுங்க!" (பலத்த சிரிப்பு)

அதற்கப்புறம் அந்த மனிதர் பவுனைப் பற்றி வாயே திறக்கவில்லை. நடுவர் அவர்களே, நேராகச் சொன்னால் எதிராளி நமக்குப் பதில் சொல்வான். மாற்றிச் சொன்னால் அவன் தனக்குத்தானே பதில் சொல்லியாக வேண்டும். இதைத்தான் முரண்நகை என்கிறோம். சொல் ஒரு பக்கம் போகும், பொருள் மறுபக்கம் நிற்கும். நடுவில் இருக்கிற இடைவெளியைக் கேட்கிறவன் தாண்ட வேண்டும்.

இது எங்க அம்மிச்சி கண்டுபிடிச்சதில்லைங்க. நமக்கு அக்கம்பக்கத்துத் தகடூர், இன்றைய தருமபுரி. அங்கே ஆண்டவன் அதியமான். அவனுக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டினான். என்ன அர்த்தம்? 'என் பலத்தைப் பார்த்துக்கோ' என்று அர்த்தம். ஔவை என்ன செய்தார்? புறநானூற்றின் 95-வது பாட்டைப் படித்துப் பாருங்கள். உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுக்குள் அழகாக இருக்கின்றன; அதியமானுடைய ஆயுதங்களோ பகைவனைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்டால் புகழ்ச்சி. யோசித்தால், 'உன் வேல் போர்க்களத்தையே பார்த்ததில்லை' என்று அர்த்தம்! (கைதட்டல்) படையில்லாத ஒரு பெண், அந்நிய மன்னன் அரண்மனையில் நின்று, அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு வர வேறு என்ன வழி இருக்கிறது? வஞ்சப்புகழ்ச்சி என்பது வெறும் அணி இல்லைங்க. ஆயுதமில்லாதவனுக்கு அதுதான் ஆயுதம்.

சினிமாவுக்கு வாருங்கள். 1994-ல் வந்த 'அமைதிப்படை'. எடுத்தவர் நம்ம சூலூர்க்காரர், மறைந்த மணிவண்ணன். நடித்தவர் நம்ம கோவைக்காரர் சத்யராஜ். கோயிலில் உடைக்கிற தேங்காயைப் பொறுக்கித் தின்ற அமாவாசை தேர்தலில் நிற்கிறான். ஓட்டு எண்ணுகிறார்கள். நாற்காலி நுனியில் பவ்யமாக உட்கார்ந்திருக்கிறான். ஓட்டு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்கிறான். கால்மேல் கால் ஏறுகிறது. பதவி மனிதனை என்ன செய்யும் என்று ஒரு மணி நேரம் மேடையில் பேசலாம். அந்த நாற்காலி ரெண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டது!

இன்னொரு வகை முரண் இருக்கிறது. பார்க்கிற நமக்குத் தெரியும். மேடையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. நம்ம ஊர் உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டவர்களுக்கு இது புரியும். பொன்னரும் சங்கரும் திரும்ப மாட்டார்கள் என்று அங்கே உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அவர்கள் கடைசியாகக் கிளம்புகிற கட்டம் வந்தால் ஆத்தாமார் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைப்பாங்க. முடிவு தெரிஞ்சதனாலதான் அந்த அழுகை!

இதற்குச் சிகரம் சிலப்பதிகாரம். அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லாரும் நம்ம கொங்கு நாட்டு நிரம்பைக்காரர்தான். கோவலன் சிலம்பு விற்க மதுரைக்குள் வருகிறான். எதிரே ஒரு காளை பாய்கிறது. அது கெட்ட சகுனம் என்று அவன் குலத்துக்குத் தெரியாது. பொற்கொல்லனைப் பார்த்து, அரசன் மனைவி அணியத் தக்க சிலம்புக்கு உன்னால் விலை சொல்ல முடியுமா என்று கேட்கிறான். யாரிடம் கேட்கிறான்? அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே கேட்கிறான்! நமக்குப் பதறுகிறது. 'ஐயோ, காட்டாதேடா!' என்று கத்தத் தோன்றுகிறது. கத்த முடியாது. இளங்கோவடிகள் ஒரு காப்பியம் முழுக்க நம்மைக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வைத்துவிட்டார். 'ஆராயாமல் தீர்ப்புச் சொல்லாதே' என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் இந்தப் பதைப்பு வருமா?

எதிரணியில் ஒரு சகோதரி நல்ல கேள்வி கேட்டார். "மாற்றிச் சொல்வது சில நேரம் மனதைப் புண்படுத்தாதா?" என்றார். சிரித்து மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஒரு உண்மையைச் சொல்கிறேன்.

நான் திருப்பூர்ப் பக்கம் தமிழாசிரியராக இருந்தேன். பிளஸ் டூ பையன் ஒருத்தன். மூணு நாளாகத் தாமதம். மூணாவது நாள் வாசலில் நிற்க வைத்து, "வாங்க மகாராஜா! அரண்மனையில சுப்ரபாதம் பாடி எழுப்ப ஆள் வரலைங்களா?" என்றேன். முன் பெஞ்சு விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி ரெண்டு பெஞ்சு சிரிக்கவில்லை. ஏன் தெரியுமா? அவர்களுக்குத் தெரியும். அப்பா படுத்த படுக்கை. பையன் ஒரு பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, முகம் கழுவிவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறான். வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்தது வாத்தியாருக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாகச் சிலப்பதிகாரம் நடத்துகிறேன். அன்றைக்கு ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் நான்தானுங்க.

நாலு நாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "மனசுல வெச்சுக்காதே கண்ணு" என்றேன். அவன் எழுந்து நின்று சொன்னான்: "பரவால்லீங்க சார். நீங்க சொன்னது நல்லாச் சிரிப்பா இருந்ததுங்க சார்."

ரெண்டு 'ங்க' போட்டான் நடுவர் அவர்களே! (அரங்கில் அமைதி) திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இன்று வரைக்கும் மறக்க முடியவில்லை.

அந்த வாரம் கழிந்து பையன் வகுப்புக்கு வந்துவிட்டான். நான் ஒன்று கற்றுக்கொண்டேன். ஔவை சொன்னது மேலே இருப்பவனைப் பார்த்து. அம்மிச்சி சொன்னது மேல்கை ஓங்கி நின்றவரைப் பார்த்து. அந்தப் பையன் சொன்னது வாத்தியாரைப் பார்த்து. நான் சொன்னதோ, பதில் சொல்ல முடியாத பிள்ளையைப் பார்த்து. அது முரண்நகை இல்லைங்க, வெறும் நக்கல். அதைத் தப்பு என்று எனக்குப் புரிய வைத்ததும் நேர்மொழி இல்லை. அந்தப் பிள்ளை மாற்றிச் சொன்ன ஒரே வார்த்தை.

மணி அடித்துவிட்டார்கள். ஆகவே நடுவர் அவர்களே, நெஞ்சில் தைப்பது மாற்றிச் சொல்வதே! தீர்ப்பை எங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லைங்க. எங்களுக்கு ஒண்ணுமே வேண்டாமுங்க! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)