கொடுங்கையூர் வாசகரும் நாவல் தீர்ப்பும்

காதல் கதை படிப்பவருக்கு இலக்கியச் சுவை கிடையாது என்ற பேச்சு தமிழ்நாட்டில் நூறாண்டாக ஓயவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்து தமிழ் நாவலைத் தொடங்கிவைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துப்பறியும் கதைகளும் காதல் கதைகளும் பெருகியபோது, நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள், மாணவர்கள் படிப்பைக் கோட்டைவிடுவார்கள் என்ற கண்டனங்கள் எழுந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ அந்தக் காலத்தை விரிவாக ஆராய்கிறது. கண்டனம் ஒருபுறம் இருக்க, வை. மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்களை எழுதினார், ‘ஜகன்மோகினி’ இதழையும் நடத்தினார். அவருக்குப் படிக்க ஆள் இல்லாமல் போகவில்லை.

இந்த வழக்கில் வடசென்னையிலுள்ள கொடுங்கையூருக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. இங்குள்ள கண்ணதாசன் நகர் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தக் கவிஞருக்கு 1980இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது ‘சேரமான் காதலி’க்காக. அது கவிதைத் தொகுதி அன்று. சேர நாட்டைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவல், தலைப்பிலேயே காதல் இருக்கும் நாவல். எழுத வருவதற்கு முன் அவர் வேலை பார்த்ததும் பக்கத்திலுள்ள திருவொற்றியூர் அஜாக்ஸ் நிறுவனத்தில்தான். காதலும் அரசகுலக் கதையும் படிப்பதற்கு இந்தப் பகுதி வாசகர் எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் படித்ததைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது காரணம் சொல்லியாக வேண்டும். ‘நல்லாயிருந்தது’, ‘போர்’ என்ற இரண்டு சொற்களோடு நின்றால் அது கருத்தாகாது.

காதல் நாவலில் இருந்து தொடங்குவது முறை. அருணோதயம் வெளியீடுகளாக வந்த ரமணிசந்திரனின் நாவல்களை வாங்கியும், வாடகை நூலகத்தில் எடுத்தும், அக்காவிடமிருந்து தங்கைக்கும் தங்கையிடமிருந்து எதிர்வீட்டுக்கும் கைமாற்றியும் படித்த பெண்கள் ஏராளம். அந்தக் கதைகளின் கட்டுமானம் எல்லோருக்கும் தெரியும்: வசதியான, கர்வமுள்ள நாயகன், வசதி குறைந்தாலும் தன்மானம் குறையாத நாயகி, நடுவில் ஒரு தவறான புரிதல், கடைசியில் திருமணமோ மறுசேர்க்கையோ. முடிவு முன்பே தெரிந்த கதையை எதற்குப் படிப்பது என்று கேட்பவர்கள் இந்த வகையைப் புரிந்துகொள்ளவில்லை. முடிவு உறுதி என்பதுதான் அது தரும் வாக்கு. வேலையும் வீடும் கேட்டதெல்லாம் கொடுத்து முடித்த பிறகு ஒரு பெண்ணுக்கு மிஞ்சும் ஒரு மணி நேரத்தில், இன்னொரு பெண்ணின் மானம் கடைசிப் பக்கத்தில் காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை சிறிய பொருள் அன்று. கொச்சை இல்லாமல் எழுதுவது, நாயகியைக் கெஞ்ச வைக்காதது ஆகியவை ரமணிசந்திரனின் உண்மையான பலங்கள்.

குறையும் உண்டு. அதை விரும்பிப் படிப்பவர்களே உரக்கச் சொல்ல வேண்டும். இந்த வகைக் கதைகளில் நாயகனின் கடுஞ்சொல்லும் சந்தேகமும் சில நேரம் கை நீட்டலும்கூட ஆழ்ந்த காதலின் அடையாளமாக மன்னிக்கப்படுகின்றன. இன்று செல்பேசியில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் புதிய தொடர்கதைகள் பலவற்றில் இந்த முரட்டு நாயகன் குறையாமல் வளர்ந்தே இருக்கிறான். முதல் வாசிப்பில் கிளர்ச்சி தருகிற காட்சியை, அதே வார்த்தையைத் தன் மகளிடம் ஒருவன் சொன்னால் எப்படியிருக்கும் என்று நினைத்து மறுபடி படித்தால் போதும், தீர்ப்பு மாறிவிடும்.

அந்த மறுபக்கத்தை முழு நாவலாக எழுதியவர் இமையம். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘செல்லாத பணம்’ நாவலில், பொறியியல் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் காதலித்து மணக்கிறாள். கதை நடப்பது, உடல் கருகி அவள் சேர்க்கப்படும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில். காதல் நாவல் திருமணத்தோடு மூடிவிடும் கதவை இமையம் திறந்து காட்டுகிறார். வாசலில் காத்திருக்கும் பெற்றோரின் பேச்சில்தான் நாவல் நகர்கிறது: அழுகை, பழி, பண நோட்டை எண்ணிப் பார்த்தல், மறுபடி அழுகை. படித்து முடிப்பது கடினம். சில இடங்களில் புலம்பல் தேவைக்கு மேல் நீள்கிறது என்று ஒரு வாசகர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. மருத்துவமனை வராந்தாவில் புலம்பல் அப்படித்தான் நீளும் என்று இன்னொருவர் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. இருவரில் இரண்டாமவர் சொல்வதே வலுவானது. ரமணிசந்திரனைப் படித்தவர்களே இமையத்தை நன்றாகப் படிக்க முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்ன உடைகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து வரலாறும் கற்பனையும் கலந்த பெரிய நாவல்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 வரை மணியத்தின் ஓவியங்களோடு வந்தது. கதை திடீரென நின்றுவிட்டது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி அதை அலட்சியம் செய்யாமல் முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பின்கதையைச் சொன்னார். இன்றும் நூலின் கடைசியில் அது அச்சாகிறது. வாசகர் கருத்து ஒரு நாவலின் பகுதியாகவே மாறியதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம். நந்தினியும் பூங்குழலியும் கல்வெட்டில் இல்லாத கற்பனைப் பெண்கள்; ஆனாலும் ஐந்து பாகங்களையும் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்தான். 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு முதல்முறை படித்த இளைஞர்கள், வழிநெடுகப் பேச்சு அதிகம் என்று குறைபடுவதுண்டு. வாரம் ஓர் அத்தியாயமாகப் படிக்க எழுதப்பட்டதை ஒரே மூச்சில் படிப்பதால் வரும் களைப்பு அது.

சு. வெங்கடேசனின் ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்தபோது அதற்கு ஓவியம் வரைந்தவர் மணியத்தின் மகன் மணியம் செல்வன். பாரி ஆளும் பறம்பு மலையும் அதன் தாவரங்களும் விலங்குகளும் இந்த நாவலில் மாய உலகமாக விரிகின்றன. இயற்கை அறிவே பாரியின் படைக்கலம். மூவேந்தரின் வணிகப் பேராசைக்கு எதிரே ஒரு மலைக்குடியை நிறுத்தியது துணிவான அமைப்பு. போர்ப் பகுதி மட்டும் இன்னும் சுருங்கியிருக்கலாம்.

மாயம் பழங்காலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சுஜாதா 1980களில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ 2020களின் இந்தியாவைக் கற்பனை செய்தது. அங்கே பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். ஜீவா என்ற தலைவரை மக்கள் தொழுகிறார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய் மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கிறது. கதை குறித்த ஆண்டுகள் நாட்காட்டியில் கடந்து போய்விட்டன. பல கருவிகள் வேறு மாதிரி வந்துவிட்டன. ஆனாலும் கண்ணுக்குக் காட்டப்படும் தலைவன் உண்மையானவனா என்ற கேள்வி பழசாகவில்லை. மர்மக் கதைகளுக்கும் இதில் இடம் உண்டு: ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோரின் மாத நாவல்கள் ரயிலிலும் ஷிப்ட் இடைவேளையிலும் படித்து முடிக்கத்தக்க அளவில் வந்தன. அவற்றை அந்த வேகத்துக்காகவே பாராட்டலாம்.

இந்த நாவல்களெல்லாம் வடசென்னை வாசகருக்கு வந்து சேர்ந்த வழிகளும் கவனிக்கத்தக்கவை. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும்வரை பழைய புத்தகத்துக்கு அதுவே பேர்போன இடம். இன்னொரு வழி பொது நூலகம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்த வரியைக் கட்டும் ஊர் என்ற முறையில், தாங்கள் விரும்பும் காதல் நாவலையும் மாய நாவலையும் நூலகத்தில் கேட்டு வாங்கக் கொடுங்கையூர் வாசகர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கடைசியாக, நகரத்தையே பொருளாகக் கொண்ட நாவல்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் நூலாக வந்தது. சினிமாவில் இடம் தேடி ஏமாந்த ஜமுனா, அவள் தங்கை சாயா, தெருவில் வற்றிப்போன குழாய், குடத்தோடு அலையும் பெண்கள்: இவ்வளவுதான் கதை. சம்பவம் எதுவும் நடக்கவில்லை என்று இதை ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்ற வாசகருக்கு அப்படித் தோன்றாது. தண்ணீர் வருமா வராதா என்பதற்குள் எத்தனை கோபம், எத்தனை சண்டை, எத்தனை எதிர்பாராத உதவி என்பது அவருக்குத் தெரியும். நாவலில் வரும் டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்லும் இடம் தமிழ் நாவலின் உச்சங்களில் ஒன்று.

தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ 2018இல் வந்தது. சிந்தாதிரிப்பேட்டை வீடுகளையும் ஜெபக்கூட்டங்களையும் ரூபன் என்ற இளைஞனையும் சுற்றி நடக்கும் இந்த நாவலில், மெட்ராஸ் பேச்சு பாத்திரங்களின் துக்கத்தையும் பக்தியையும் சுமக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சினிமாவில் சிரிப்புக்கும் ரவுடிக்கும் ஒதுக்கப்பட்டிருந்த பேச்சு அது. வட்டார வழக்குக்கு அகராதி கேட்கும் வாசகர்கள் பிற மாவட்டங்களில் இருக்கலாம். அந்தப் பேச்சு சரியாக ஒலிக்கிறதா, எந்த வரியில் ஆசிரியர் செயற்கையாக எழுதிவிட்டார், எந்த வசவு உண்மையில் அன்பு என்பதைப் பிரித்துச் சொல்லும் தகுதி கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் வளர்ந்த வாசகருக்கே முதலில் உண்டு. அந்தக் கருத்துகளைச் சொல்லவும் எழுதவும் அவர்கள் இன்னும் நிறைய முன்வர வேண்டியிருக்கிறது.