பாண்டவர் குழியில் கிடப்பவர் யார்?

(செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்த வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று பழைய கற்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக் கொண்டீர்கள். வருகிற வழியில் ஒரு தோழர், "கல்லைக் கும்பிடுவதைப் பற்றியல்லவா நீங்கள் பேசுவது வழக்கம்?" என்று கேட்டார். உண்மைதான். இன்று யாரும் கும்பிடாத கல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். கும்பிடாததனாலேயே அவை கேட்பாரற்றுப் போகின்றன.

இந்த ஊருக்கு மேற்கே உள்ள கரட்டில் பெரிய பெரிய பாறாங்கற்களை வட்டமாகப் பதித்திருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அது என்னவென்று கேட்டால், "பாண்டவர் குழி, வனவாசத்தில் பஞ்ச பாண்டவர்கள் தங்கியது" என்கிறீர்கள். வேறு ஜில்லாக்களில் பாண்டவர் வீடு என்றும், குள்ளர் வீடு என்றும் சொல்லுகிறார்கள். எப்படித் தெரியும் என்றால், "பாட்டன் சொன்னார்" என்கிறீர்கள். பாட்டனுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள சானூரில் மாத்திரம் இப்படிப்பட்ட கல்வட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தென்னாடு முழுவதும் எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். அண்ணன் தம்பி ஐந்து பேர் பன்னிரண்டு வருஷத்தில் இத்தனை பாறைகளையும் புரட்டி நட்டார்கள் என்றால், அவர்களுக்கு வேட்டையாடவும் சாப்பிடவும் நேரம் எங்கே இருந்தது?

சானூர்க் கற்களை 1950-லும் 1952-லும் இந்தியத் தொல்பொருள் இலாகாவினர் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்தவை என்ன? மனித எலும்புகள், சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழைகள், கறுப்பும் சிவப்புமான மண்பாண்டங்கள், இரும்புச் சாமான்கள். ஆகவே அது வீடல்ல, இடுகாடு. ஏறக்குறைய 2,000 முதல் 3,000 வருஷங்களுக்கு முன் இந்த மண்ணில் பயிர் செய்து, இரும்பு உருக்கி, பானை வனைந்து வாழ்ந்த ஜனங்கள் தங்கள் செத்தவர்களுக்குக் கட்டியது. நீங்கள் பாண்டவர் என்று சொல்லுகிற இடத்தில் கிடப்பவர்கள் பெயர் தெரியாத குடியானவர்களும், கொல்லர்களும், குயவர்களுமே ஆவார்கள். செய்தவனுடைய வேலையை ராஜகுமாரன் பேரில் எழுதி வைக்கும் வழக்கம் கல்லையும் விடவில்லை.

நிற்க. இதைவிடப் பழைய கதையும் நமது ஜில்லாப் பக்கத்திலேயே இருக்கிறது. 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, பூகர்ப்ப இலாகாவில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் புட் என்பவர், பல்லாவரத்தில் சரளை வெட்டிய குழியொன்றில் ஒரு கல்லை எடுத்தார். மழையும் வெயிலும் அதை அப்படிச் செதுக்கியிருக்க முடியாது, மனிதன் கை பட்டிருக்கிறது என்று கண்டார். அதுதான் கற்காலக் கைக்கோடரி. அதே வருஷத்தில் கொற்றலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அவரும் அவருடைய தோழர் கிங்கும் இத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார்கள். அன்று அந்தச் சரளையை வண்டியில் அள்ளிக்கொண்டு போனவர்கள் அநேகர். நின்று பார்த்துக் கேள்வி கேட்டவர் ஒருவர்.

அந்த அத்திரம்பாக்கத்தை 1999 முதல் மறுபடியும் தோண்டி ஆராய்ந்து, அங்குள்ள பழைய கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருஷம் ஆகிறது என்று 2011-ல் வெளியிட்டார்கள். இதை ஜாதகம் பார்த்துச் சொல்லவில்லை. கல் தரையின் மேல் கிடக்கும்போது ஆகாயத்திலிருந்து வரும் கதிர்கள் பட்டு அதில் சில அணுக்கள் உண்டாகின்றன. மண்ணில் புதைந்த பிறகு அவை தெரிந்த கணக்கில் அழிகின்றன. மீதி எவ்வளவு என்று அளந்தால் புதைந்த காலம் தெரிகிறது. சந்தேகப்படுகிறவர் தாமும் அளந்து பார்க்கலாம்.

இதைக் கேட்டவுடன், "15 லட்சம் வருஷத்துக்கு முன்பே தமிழன் இருந்தான்" என்று கை தட்டக் கூடாது. நம்மைப் போன்ற மனித இனம் தோன்றியே ஏறக்குறைய 3 லட்சம் வருஷந்தான் ஆகிறது. அந்தக் கோடரியைச் செய்தவன் நமக்கு முந்திய மனித வகையைச் சேர்ந்தவன். அவனுக்குத் தமிழும் இல்லை, சமஸ்கிருதமும் இல்லை. அதுபோலவே சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு சர்க்கார் அறிக்கை வெளியிட்டது. சந்தோஷமான சங்கதிதான். ஆனால் நமக்குப் பெருமையாயிருக்கிறது என்பதற்காக அதை நம்பினால், பாட்டன் சொன்னார் என்று நம்புகிறவனுக்கும் நமக்கும் வித்தியாசம் என்ன? ஆராய்ச்சிக்காரர் காட்டும் கரித்துண்டையும் மண் அடுக்கையும் பார்த்து நம்புங்கள். இன்னும் பல இடங்களில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் தோண்டிப் பார்ப்பதற்கு இடம் மிச்சம் இருக்க வேண்டுமே! பிறரைக் குற்றம் சொல்லுமுன் என் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் என் தகப்பனார் கட்டிய வீட்டின் கடைக்காலில் கிடப்பவை கல்வட்டத்துக் கற்களே. சிறு பையனாக இருந்த நானும் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். உடைந்த பானைகளைக் காலால் எற்றி விளையாடினோம். அந்தப் பானை என்ன சொல்லியிருக்கும் என்று இன்று நினைத்து என்ன பயன்? கல்லைத் திருப்பி வைத்தாலும் அது இருந்த இருப்பைத் திருப்ப முடியாது. அன்று வண்டி, இன்று கல் உடைக்கும் இயந்திரமும், மனைக்கட்டுப் போடுகிறவர்களும். ஒரு நாளில் ஒரு கரடு மறைந்துவிடுகிறது.

ஆகவே உங்களை மூன்று காரியங்கள் கேட்டுக்கொள்ளுகிறேன். முதலாவது, இந்த வாசகசாலை இளைஞர்கள் கரட்டிலுள்ள வட்டங்களை எண்ணி, அளந்து, படம் எடுத்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாவது, புதையல் ஆசையில் யாரும் தோண்டாதீர்கள். உள்ளே இருப்பது பானையும் எலும்புமே. பொருள் ஏதாவது தானாக அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1878-ம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. மூன்றாவது, அந்தக் கரட்டைக் குத்தகைக்கு விடுகிற பேச்சு வந்தால், கிராம சபையில் எழுந்து நின்று ஆட்சேபித்து, தொல்லியல் இலாகாவுக்கு எழுதுங்கள்.

இப்படிச் சொல்லுவதால் அந்தக் கற்களுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்திவிடாதீர்கள்! சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகளைக் கோவிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கோடரி செய்தவன் அதைக் கொண்டு மரம் வெட்டினான். பின்னால் வந்தவன் அதன் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கல்லை உடைப்பதும் வேண்டாம், கும்பிடுவதும் வேண்டாம். கேள்வி கேளுங்கள், அது பதில் சொல்லும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.