பெருமை எனப்படுவது யாது?



பெரிய மனிதர் யார் என்று வினவினால், இந்நாளில் உடனே கிடைக்கும் விடைகள் மூன்று: பெரும்பொருள் ஈட்டியவர், உயர்பதவியில் அமர்ந்தவர், ஊரெங்கும் பெயர் பரவியவர். இம்மூன்றும் ஒருவர் பெற்றவற்றையே கணக்கிடுகின்றன. அவரால் பிறர் பெற்றது என்ன என்பது அக்கணக்கில் ஏறுவதில்லை. திருவள்ளுவரோ 'பெருமை' என்றே தனி அதிகாரம் வகுத்து, அதில் பணிவைப் பெரியோரின் அடையாளமாக வைத்தார். அந்த அளவுகோலைக் கொண்டு அண்மைக்கால இந்தியர் சிலரை அளந்து பார்ப்பது தகும்.

குந்தா மக்கள் இதற்கு உவமை தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தில், அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் நீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் மின்சாரம் தருகிறது. பில்லூரில் கோவை மக்களுக்குக் குடிநீராகிறது. எஞ்சியது பவானியாற்றில் ஓடிச் சமவெளி வயல்களுக்குப் பாய்கிறது. விளக்கேற்றும் நகரத்தார் அந்நீரின் பிறப்பிடத்தை எண்ணுவதில்லை. அதனால் நீரின் ஓட்டம் குறைவதுமில்லை.

மனிதரிலும் அத்தகையோர் உண்டு. ஒருவரின் பணி இம்மலையிலேயே நிற்கிறது. 1961ஆம் ஆண்டு, வெளிநாடுகளில் ஆய்வு செய்துவந்த இளம் இந்திய அறிவியலாளர் நால்வர், தாயகம் திரும்பி வானொலி வானியலை வளர்க்க விரும்புவதாகக் கூட்டாக எழுதினர். ஹோமி பாபா அவர்களை வரவேற்றார். நால்வருள் ஒருவரான கோவிந்த் ஸ்வரூப், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை விட்டு 1963இல் இந்தியா வந்தார்.

அவருடைய குழுவினர் உதகைக்கு அருகே முத்தொரையில் ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தனர். உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அச்சரிவின் சாய்வும் அதே அளவு. ஆகவே வடக்கு தெற்காகச் சரிவின்மீது கிடத்திய தொலைநோக்கியின் அச்சு, பூமியின் சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்தது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து நோக்கலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அக்கருவி, இந்தியர் வடிவமைக்க இந்தியத் தொழிற்கூடங்களின் துணையால் உருவாகி, 1970இல் செயற்படத் தொடங்கியது. செல்வ நாடுகளின் கருவியை விலைக்கு வாங்க வழியில்லையே என்று வருந்தாமல், மலையின் சாய்வையே மூலதனமாக்கினார் ஸ்வரூப். அங்கே பயின்ற இளைஞர்களோடு சேர்ந்து, பின்னர் புனேக்கு வடக்கே 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கியையும் அமைத்தார். 2020இல் அவர் மறைந்தார். அக்கருவிகள் இன்றும் வானை நோக்குகின்றன.

இரண்டாமவர் விக்ரம் சாராபாய். அகமதாபாத்தில் ஆலைகள் பல நடத்திய ஜைனக் குடும்பத்தில் 1919இல் பிறந்தவர். தந்தையின் செல்வத்தைக் காத்துக்கொண்டே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவர் 1947இல் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவினார். 1963இல் தும்பா என்னும் மீனவச் சிற்றூரிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி விண்ணுக்குச் சென்றதும் அவர் முயற்சியால்தான். சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி செல்ல வேண்டும் என்பது அவர் கனவு. 1971இல், 52ஆம் வயதில், அவர் திடீரென மறைந்தார். ஆயினும் 1975இல் ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் அக்கனவு தொலைக்காட்சித் திரையில் தோன்றிற்று. தாம் இல்லாமலும் நடக்கக்கூடியதாகத் தம் பணியை அமைத்ததே அவருடைய பெருமை. பொருளைச் சேர்த்தும் அதன்மீது பற்றுவையாமை என்று ஜைனப் பெரியோர் கூறும் அறத்திற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

மூன்றாமவர் சதீஷ் தவான். 1979 ஆகஸ்ட் 10 அன்று, அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி வங்கக் கடலில் வீழ்ந்தது. செய்தியாளர் முன் வந்து அமர்ந்து, பொறுப்பை ஏற்று, தம் குழுவினர்மீது நம்பிக்கை தெரிவித்தவர், நிறுவனத் தலைவரான தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவூர்தி வெற்றி பெற்றபோது, செய்தியாளர்களைச் சந்திக்குமாறு அவர் கலாமைப் பணித்தார். குடியரசுத் தலைவராக உயர்ந்த பின்னரும் கலாம் இந்நிகழ்ச்சியை மேடைதோறும் நினைவுகூர்ந்தார். பழியைத் தாங்கிய ஒருவர் இருந்ததால், நாட்டுக்கு ஒரு கலாம் கிடைத்தார்.

மூவரும் வெவ்வேறு பிறப்பினர், வெவ்வேறு இயல்பினர். எனினும் மூவரிடமும் ஒன்று பொது: தம்மால் பிறர் உயர வழிசெய்தனர். இது கற்றோர்க்கும் செல்வர்க்கும் மட்டும் உரிய குணமன்று. தொழில் பழக வந்த இளைஞனுக்கு மறைக்காமல் கணக்குச் சொல்லித்தரும் வணிகரும், தேயிலைத் தோட்டத்தில் புதிதாக வந்தவளுக்குக் கொழுந்து பறிக்கும் பக்குவத்தைக் காட்டும் மூத்த பெண்மணியும் இதே நெறியில் நிற்பவர்களே.

பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். மதிப்பெண் பட்டியலோடு வரும் பிள்ளையிடம், "உன்னைவிட அதிகம் வாங்கியவன் யார்?" என்று கேட்பது எல்லா வீட்டிலும் வழக்கம். அக்கேள்வி, உடன் படிப்பவனைப் பகைவனாகக் காட்டுகிறது. "புரியாத பிள்ளைக்கு இன்று எதைச் சொல்லிக் கொடுத்தாய்?" என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு மகிழ்ந்து விடை சொல்லும் பிள்ளை, பெருமையின் முதற்படியில் ஏறிவிட்டது என்றே கொள்ளலாம்.