அந்த நேரத்தில் கையைப் பிடிக்க ஒருத்தி

(தொலைக்காட்சி அரங்கில், ‘பிரசவத்துக்கு மருத்துவம் மட்டும் போதுமா, துணையும் வேண்டுமா?’ என்ற தலைப்பில், சிரம்பான் தெமியாங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவி ஒருவர் ‘துணையும் வேண்டும்’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி, “டாக்டர் இருக்கிறார், மிசி இருக்கிறார், மெஷின் இருக்கிறது, துணை எதற்கு?” என்று கேட்டார். தம்பி, நீங்கள் பிள்ளை பெற்றதில்லை. அதனால் மன்னித்துவிடுகிறேன். (சிரிப்பு, கைதட்டல்)

என் பாட்டி தோட்டத்து மருத்துவச்சி. நடுராத்திரியில் லயத்துக் கதவை யாராவது தட்டினால் அரிக்கேன் விளக்கோடு கிளம்பிவிடுவார். வலி எடுத்தவளின் இடுப்பைத் தேய்த்துவிட்டு, “பொறுத்துக்கோடி ஆத்தா, இதோ ஆச்சு” என்று விடிய விடியப் பேசிக்கொண்டே இருப்பார். பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் தாய்க்குச் சரக்கு அரைத்துக் கொடுப்பதும் அவர்தான்.

அதே பாட்டிதான் சொல்வார்: “ரத்தம் நிக்கலேன்னா என் கையில ஒண்ணும் இல்ல சாமி.” உண்மை ஐயா. 1950 வாக்கில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1966-இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சி பெற்ற தாதியர் வந்தார்கள், கிராமக் கிளினிக் வந்தது, ஆம்புலன்ஸும் ரத்த வங்கியும் வந்தன. 1990-களில் அந்த எண்ணிக்கை 50-க்கும் கீழே இறங்கியது. ஆகவே ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் பாட்டி செய்தது இரண்டு வேலை. ஒன்று, பிள்ளையை வாங்குவது. மற்றது, தாயின் பக்கத்தில் இருப்பது. முதல் வேலையை மிசி பாட்டியைவிடப் பத்து மடங்கு நன்றாகச் செய்கிறார். இரண்டாவது வேலையை யாரிடம் கொடுத்தோம்? யாரிடமும் கொடுக்கவில்லை! (கைதட்டல்)

என் தம்பி மனைவி தஞ்சாவூர்ப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து ஒரு வருடத்தில் பிரசவம். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். தம்பி லோரி ஓட்டுநர்; அன்றைக்கு ஜொகூரில் இருந்தான். கணவர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் “தெரான், தெரான்” என்று சொன்னபோது அவள் முக்கியதை இவள் பார்த்திருக்கிறாள். பிள்ளையின் தலை வெளியே வரும் நேரம், மெதுவாக மூச்சு விடவேண்டிய நேரம், மிசி இவளிடம் “ஜாங்கான் தெரான்!” என்றிருக்கிறார். முக்காதே என்று அர்த்தம். இவளுக்கு ‘தெரான்’ மட்டும்தான் காதில் விழுந்தது. உயிரைக் கொடுத்து முக்கினாள். கிழிந்து, நிறையத் தையல் போட்டார்கள். மிசி மேல் குற்றம் இல்லை. அவருக்கு அன்றைக்கு எத்தனையோ கட்டில்கள். ஆனால் இவள் என்னிடம் சொன்னது இன்றும் நெஞ்சில் நிற்கிறது: “அண்ணி, என்னைத் திட்டுறாங்கன்னு தெரிஞ்சுது. எதுக்குன்னுதான் தெரியல.”

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1991-க்குப் பிறகு சோமாலியா நாட்டில் உள்நாட்டுப் போர். அந்த மக்கள் சுவீடனுக்கும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கும் அகதிகளாகப் போனார்கள். கர்ப்பிணிப் பெண்களுக்கு டாக்டர் பேசுவது புரியவில்லை. அறுவை என்றாலே பயம். சுவீடனில் கோத்தென்பர்க் நகரத்தில் 2008-இல் ஒரு வழி கண்டார்கள். சோமாலி மொழி பேசும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, ‘டூலா’ என்ற பெயரில் பிரசவ அறைக்குள் அனுப்பினார்கள். டூலா பிள்ளையை வாங்க மாட்டார், ஊசி போட மாட்டார். பிரசவத்துக்கு முன்பே வந்து பழகுவார், வலி நேரத்தில் கூடவே இருப்பார், டாக்டர் சொல்வதைத் தாய்க்கும் தாய் சொல்வதை டாக்டருக்கும் எடுத்துச் சொல்வார், பிறகும் வீட்டுக்கு வந்து பார்ப்பார். மினசோட்டாவில் 2014 முதல் ஏழைத் தாய்மாருக்கான டூலா செலவை அரசாங்கக் காப்புறுதியே கொடுக்கிறது.

நம் நாட்டில் டூலா என்றாலே முகம் சுளிக்கிறார்கள். சிலர் அந்தப் பெயரில் வீட்டுப் பிரசவத்துக்குத் துணைபோனதால் வந்த வினை. நான் கேட்பது அது அல்ல. ஆஸ்பத்திரிக்கு உள்ளே, மிசிக்குப் பக்கத்தில், ஒரு துணை.

இது வெறும் ஆறுதல் பேச்சும் அல்ல. 2017-இல் 17 நாடுகளில் நடந்த ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்கு வலி நேரம் குறைந்தது, அறுவைப் பிரசவமும் குறைந்தது. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனமே, தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது.

தமிழ்நாடு அதற்கும் முன்னே போய்விட்டது ஐயா. 2004-லேயே அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் ஒரு பெண் துணைக்கு அனுமதி கொடுத்தது. தஞ்சாவூரில் கிடைப்பது, தஞ்சாவூர்ப் பெண்ணுக்குச் சிரம்பானில் கிடைக்கக் கூடாதா? (பலத்த கைதட்டல்)

நான் கேட்பது மூன்று. கணவரோ அம்மாவோ அண்ணியோ, அவள் யாரைக் கேட்கிறாளோ அவரை உள்ளே விடுங்கள். நம் ஆலயங்களும் மகளிர் மன்றங்களும் ஓய்வுபெற்ற தாதியரை வைத்து நம் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். மூன்றாவது ஆண்களுக்கு: 2023 முதல் சட்டம் உங்களுக்கு 7 நாள் விடுமுறை கொடுக்கிறது. அதை வாங்கி வீட்டில் தூங்காதீர்கள்! (சிரிப்பு)

என் தம்பி மனைவி இப்போது மலாய் நன்றாகப் பேசுகிறாள். பக்கத்து வீட்டுக்கு ஊரிலிருந்து ஒரு மருமகள் வந்தாள், ஏழு மாதக் கர்ப்பம். இவள் தானாகப் போய் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த மலாய் எது தெரியுமா? “ஜாங்கான் தெரான்னா முக்காதேன்னு அர்த்தம்மா.” அதைச் சொல்லிக்கொடுக்க ஒருத்தி அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்திருக்க வேண்டும் ஐயா.