கையெழுத்தில் பறிபோகும் பங்கு



1933-இல் மைசூர் சமஸ்தானம் இந்துப் பெண்களுக்கான உரிமைச் சட்டத்தை இயற்றியது. கூட்டுக் குடும்பச் சொத்து பிரிக்கப்படுகையில் விதவைக்கும் தாய்க்கும் மணமாகாத மகளுக்கும், ஆணைவிடக் குறைவாகவேனும், பங்கு உண்டு என்றது அச்சட்டம். ஆனால், அல்சூர் அன்று பிரிட்டிஷார் நிர்வகித்த கண்டோன்மென்ட் பகுதியில் இருந்தது. மைசூரின் சட்டம் இங்கு செல்லுபடியாகவில்லை. 1947-இல்தான் இப்பகுதி மைசூரிடம் திரும்பியது. ஒரே நகரத்தில் பெண்ணின் உரிமையை நிர்வாக எல்லை தீர்மானித்தது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு அளித்தது. மூதாதையர் சொத்தில் பிறப்புரிமையை மகனுக்கே விட்டுவைத்தது. தமிழ்நாடு 1989-இலும் கர்நாடகம் 1994-இலும் அதைத் திருத்தின. எனினும், அதற்கு முன் மணமான மகள்கள் விலக்கப்பட்டனர். அந்த விலக்கு 2005-இன் மத்தியத் திருத்தத்தில்தான் நீங்கியது. அப்போது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் வந்துவிட்டது; சொத்து வந்துவிடவில்லை. "சீர் செய்தாயிற்றே, பிறந்த வீட்டு உறவு வேண்டாமா?" என்று கேட்டு, விடுதலைப் பத்திரத்தில் சகோதரியின் கையெழுத்து வாங்கப்படுகிறது. எழுபதாண்டுப் போராட்டத்தின் பயன் சார்பதிவாளர் அலுவலகத்தில் சில நிமிடங்களில் கரைகிறது. தனிச்சொத்தையும் பெண்ணடிமைத்தனத்தையும் இணைத்துக் காட்டிய எங்கெல்ஸின் நூல் 1884-இல் வெளிவந்தது. அதைப் படித்த தோழரின் வீட்டிலும் அந்தப் பத்திரம் எழுதப்படுமானால், ஆணாதிக்க எதிர்ப்பு மேடையோடு நின்றுவிடும். சகோதரியின் பங்கை அவள் பெயரிலேயே பதிவு செய்வதிலிருந்து அப்போராட்டம் தொடங்கட்டும்!