பனையை நம்பிய தீவு

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பாடத்தில் 'பனை' என்ற சொல் வந்தது. பனைமரத்தைப் பார்த்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் கை தூக்கியது. "அதோ நிற்கிறதே, ஐயா!" என்று சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான் ஒரு பையன். அவன் காட்டியது செம்பனை. "எங்கப்பா அதிலேதான் குலை வெட்டுறாரு" என்றும் சேர்த்துச் சொன்னான். அவன்மேல் குற்றமில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பனை என்றால் எண்ணெய்ப் பனைதான். கருப்பட்டி என்று சொன்னால், கடையில் காகிதத்தில் சுற்றி விற்கும் ஒரு கறுப்புக் கட்டி என்ற அளவில்தான் தெரியும்.

அன்று மாலை பள்ளி வேலியோரம் இந்தோனேசியத் தொழிலாளி ஒருவரைக் கண்டேன். ஐம்பது வயதைக் கடந்தவர். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுபவர். காலையில் நடந்ததை அவரிடம் மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். காய்ந்த புல்வெளி, அதிலே கூட்டம் கூட்டமாக விசிறி ஓலைகளை விரித்து நிற்கும் மரங்கள். சந்தேகமே இல்லை, நம் பாட்டன்மார் விட்டுவந்த அதே பனைதான்! "பாக் குரு, இது என் அப்பாவின் மரம்" என்றார் அவர். அவருடைய ஊர் ரோத்தே. அந்தத் தீவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ரோத்தே, இந்தோனேசியாவில் மக்கள் வாழும் தீவுகளில் தென்கோடியில் உள்ளது. அந்நாட்டார் தங்கள் நாட்டின் வடக்கு தெற்கு எல்லைகளைச் சொல்லும்போது "மியாங்காஸ் முதல் ரோத்தே வரை" என்பார்கள். கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தில், திமோர் தீவுக்குத் தென்மேற்கே கடலில் கிடக்கிறது. திமோரில் உள்ள கூப்பாங் நகரிலிருந்து கப்பல் ஏறினால் சில மணி நேரப் பயணம். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் பொங்கினால் கப்பல் நின்றுவிடும். அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் கூப்பாங்கிலேயே காத்துக் கிடக்கும். 2002ஆம் ஆண்டில்தான் அது தனி மாவட்டமாயிற்று. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

அங்கே மழை பெய்வது டிசம்பர் முதல் மார்ச் வரை ஏறக்குறைய நான்கு மாதங்களே. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சோளம், தினை, பயறு, ஊற்று நீர் உள்ள இடங்களில் நெல் என்று பயிரிடுகிறார்கள். மழை பொய்த்தால் சோளமும் பொய்க்கும். நாள்தோறும் மழையைப் பார்த்து, "இன்றைக்கு வேலை இல்லை" என்று வருந்தும் நமக்கு, எட்டு மாதம் வானம் வெளுத்துக் கிடக்கும் ஊரை எண்ணிப் பார்ப்பது கடினம். அந்த எட்டு மாதத்தில் மனிதருக்குச் சோறாக நிற்பது பனை.

பனையை அவர்கள் 'லொந்தார்' என்கிறார்கள். 'ரோன்' என்றால் சாவக மொழியில் இலை. 'தால்' என்றால் பனை. ரொந்தால் என்பது திரிந்து லொந்தார் ஆயிற்று. நம் இலக்கியத்திலும் பனைக்குத் 'தாலம்' என்ற பெயர் உண்டென்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள்.

கோடைக் காலத்தில் ஆண்கள் விடியுமுன் மரமேறுகிறார்கள். பாளையை இடுக்கிக் கட்டையால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லியதாகச் சீவிவிட்டு, ஓலையால் முடைந்த குடுவையைக் கட்டிவிட்டு இறங்குகிறார்கள். மாலையில் மீண்டும் ஏறிச் சாற்றை இறக்கி, மீண்டும் ஒரு சீவல். சீவுவதை ஒரு நாள் விட்டாலும் பாளை வறண்டுவிடும். இதைக் கேட்டபோது பால்மரக் காட்டிலே வளர்ந்த எனக்கு என் தாயார் நினைவு வந்தது. இருட்டிலே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், பட்டையை நூலிழை அளவு சீவி, மங்கை நிமிர்த்தி வைத்து, மழை வருமா என்று மேலே பார்த்த கண்கள் அவருடையவை. மரத்தைக் காயப்படுத்தாமல் அதன் சாற்றை வாங்கும் கை எங்கும் ஒரே கைதான்.

இறக்கிய சாறு வெயில் ஏறினால் புளித்துவிடும். ஆகவே உடனே குடிக்கிறார்கள், மிஞ்சியதைக் காய்ச்சுகிறார்கள். தரையிலே பள்ளம் தோண்டி, அதன்மேல் பானைகளை வரிசையாக வைத்து எரிக்கும் அடுப்பு அது. காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. சாறு தேன்போல இறுகியதும் பெரிய சாடிகளில் ஊற்றி வைப்பார்கள். இதற்கு 'குலா ஆயர்', அதாவது நீர்ச்சர்க்கரை என்று பெயர். பசிக்கும்போது இந்தப் பாகில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். இதில்தான் வியப்பு. காலைப் பசியாறலும் அதுதான், பல வேளைகளில் பகல் உணவும் அதுதான்! "சிறு பிள்ளையாக இருந்தபோது சோறு விருந்து நாளில்தான், மற்ற நாளில் பாகுத் தண்ணீர் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்" என்றார் நம் நண்பர். இன்னும் இறுக்கினால் கட்டிச் சர்க்கரை. பன்றிக்கும் பனஞ்சாறுதான் தீனி. புளிக்க விட்டால் கள். அதை வடித்தால் 'சோப்பி' என்னும் சாராயம். சம்சு நம் தோட்டங்களில் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்பதை அறிந்த உங்களுக்கு, சோப்பியைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஓலையின் பயன் தனிக் கதை. கூரை, வேலி, பாய், பெட்டி, தண்ணீர் மொள்ளும் வாளி எல்லாம் ஓலைதான். உச்சியில் கொம்பு போல ஒரு தூக்கு நிமிர்ந்து நிற்கும் ஓலைத் தொப்பி ஒன்று உண்டு. 'தீ லங்கா' என்பார்கள். 'சசாண்டோ' என்னும் இசைக்கருவியும் ரோத்தேயில் பிறந்ததே. மூங்கில் குழாயைச் சுற்றிக் கம்பிகளைக் கட்டி, அதன் பின்னே பனையோலையைக் குடைபோல மடித்து வளைத்து வைப்பார்கள். ஓலைதான் ஒலியைப் பெருக்கும். 1992இல் இந்தோனேசியா வெளியிட்ட ஐயாயிரம் ரூபியா நோட்டில் அதன் படம் இடம் பெற்றது.

ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற மானிடவியல் அறிஞர் 1960களில் ரோத்தேயில் தங்கி இம்மக்களின் வாழ்வை ஆராய்ந்தார். 1977இல் 'பனையின் அறுவடை' என்று பொருள்படும் தலைப்பில் நூலொன்றும் எழுதினார். காட்டை எரித்துச் சோளம் விதைத்த அண்டைத் தீவுகளில் நிலம் கெட்டு, மழை பொய்த்த ஆண்டுகளில் மக்கள் துன்புற்றபோது, அவற்றைவிட நெருக்கமாக மக்கள் வாழ்ந்த ரோத்தேயும் சாவு தீவும் பனையால் தாங்கி நின்றன என்பது அவர் கண்ட உண்மை.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இன்னொரு செய்தி இனித்தது. அந்தத் தீவில் பள்ளிக்கூடம் இன்று நேற்று வந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் காலத்திலேயே சிற்றரசர்கள் கிறிஸ்துவ சமயத்தைத் தழுவி, தங்கள் ஊர்களுக்கு ஆசிரியர்களைக் கேட்டு வாங்கினார்கள். பாடம் மலாய் மொழியில் நடந்தது. சிறிது காலத்தில் ரோத்தே மக்களே ஆசிரியரானார்கள். பின்னர்த் திமோருக்கும் போய்க் கற்பித்தார்கள். அந்தத் தீவின் கேக்கா என்னும் ஊரில் 1912இல் பிறந்த ஹெர்மான் ஜொஹானெஸ் பொறியியல் படித்தார், விடுதலைப் போரில் பணியாற்றினார், அமைச்சரானார், 1961 முதல் 1966 வரை யோக்யகர்த்தாவில் காஜா மாடா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். 2009இல் அவருக்குத் தேசிய வீரர் என்ற சிறப்பு அளிக்கப்பட்டது. பாகுத் தண்ணீர் குடித்து வளர்ந்த தீவின் பிள்ளை அவர் என்பதை என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பனை பசியைத் தீர்க்குமே தவிர, கையில் காசு தராது. பள்ளிக் கட்டணம், மருந்து, கூப்பாங் போகக் கப்பல் கூலி, இவற்றுக்கெல்லாம் காசு வேண்டும். அந்தக் காசு கடலிலிருந்து வந்தது. கரையோர ஊர்களில் கடற்பாசி வளர்க்கத் தொடங்கினார்கள். ஆழமில்லாத நீரில் கயிறுகளை இழுத்துக் கட்டி, பாசித் துண்டுகளை முடிந்து விடுவார்கள். வெற்றுப் போத்தல்களே மிதவை. ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில் அறுத்துக் கரையில் உலர்த்தி விற்கலாம். அதிலிருந்து எடுக்கும் பசைப்பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. உழவுக்கு மாடு வேண்டாம், மழை வேண்டாம். கணவனும் மனைவியும் வேலை செய்தால் போதும். நம் நண்பரும் மரமேறுவதை விட்டுவிட்டுப் பாசிக் கயிறு கட்டினார். மகனைக் கூப்பாங்கில் கல்லூரிக்கு அனுப்பினார். சிமெண்டுச் சுவர் வைத்து வீடு கட்டத் தொடங்கினார்.

2009 ஆகஸ்டு 21ஆம் நாள், ரோத்தேக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், ஆஸ்திரேலியக் கடற்பகுதியில் இருந்த மொந்தாரா எண்ணெய்க் கிணறு வெடித்தது. பத்து வாரத்துக்கும் மேலாக எண்ணெய் கடலில் கொட்டியது. "ஒரு மாதம் போனதும் பாசி வெளுத்தது, கையில் எடுத்தால் அழுகி உதிர்ந்தது. கயிறு மட்டும் மிஞ்சியது" என்றார் அவர். மீண்டும் விதை வாங்கிக் கட்டினார், வளரவில்லை. மகன் படிப்பை நிறுத்திக்கொண்டு திரும்பினான். 2011இல் இவர் நம் நாட்டுக்குப் புறப்பட்டார். வீட்டுச் சுவர் இன்னும் பாதியில்தான் நிற்கிறதாம்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்தப் பாசிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. டேனியல் சாண்டா என்ற ரோத்தே பாசி உழவர், 15,000க்கும் மேற்பட்ட உழவர்கள் சார்பில், 2016இல் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எண்ணெய் இந்தோனேசியக் கரைக்கு வரவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஊர்க்காரர்களே சாட்சி சொன்னார்கள்: எந்த நாளில் நீர் மினுமினுத்தது, எந்த நாளில் பாசி வெளுத்தது, அதற்கு முன் எத்தனை மூட்டை விற்றோம் என்று. 2021 மார்ச்சில் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2022 நவம்பரில் 19 கோடியே 25 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உடன்பாடு ஏற்பட்டது. கிணறு வெடித்ததற்கும் உடன்பாட்டுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! அதற்குள் எத்தனை பேர் கடனில் மூழ்கினார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள் என்பதை எந்த டாலரும் சரிக்கட்டாது. இருந்தாலும், விற்ற மூட்டையின் கணக்கைச் சொல்ல முடிந்தவர்களின் பேச்சு நீதிமன்றத்தில் எடுபட்டது. சம்பளச் சீட்டையும் தோட்டத்துக் கடிதங்களையும் அடுப்பு மூட்டப் பயன்படுத்தும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவேதான் இதைச் சொல்கிறேன்.

தீவின் கிழக்கே பாப்பேலா என்ற மீனவர் ஊர் உண்டு. இயந்திரமில்லாத பாய்மரப் படகில் சென்று பழைய பவளத் திட்டுகளில் மீன்பிடிக்க, 1974இல் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் செய்த உடன்பாடு இடமளிக்கிறது. கோட்டைத் தாண்டினால் சிறை, படகையும் எரித்துவிடுவார்கள். மேற்கே நெம்பராலா என்ற ஊரில் அலைச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். விடுதிகள் எழுகின்றன, கரையோர நிலம் கைமாறுகிறது. நிலத்தை விற்றவனுக்கு அதே நிலத்தில் தோட்டக்காரன் வேலை கிடைக்கலாம். அதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மரமேறும் இளைஞர் குறைந்து வருகிறார்கள். தவறி விழுந்தால் உயிர் போகும் வேலை, ஊதியமும் இல்லை. யாரைக் குறை சொல்வது? என் மகன் பால் வெட்டக் கூடாது என்று என் தாயாரும்தான் சொன்னார். நம் நண்பரிடம், "உங்கள் மகன் ஏறுகிறானா?" என்று கேட்டேன். படிப்பை விட்டு வந்த அந்த மகன்தான் இப்போது தாத்தாவின் மரங்களில் ஏறுகிறானாம். காலையில் மரம், பகலில் பாசிக் கயிறு. பாசி மீண்டும் வளர்கிறது, ஆனால் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. இழப்பீட்டில் குடும்பத்தின் பங்கு 2023இல் வந்ததும், முதலில் கடனை அடைத்தார்கள். மிஞ்சியதை இளைய மகளின் படிப்புக்கு ஒதுக்கினார்கள். அவள் கூப்பாங்கில் ஆசிரியர் பயிற்சி பெறுகிறாள்.

"படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்புவாளா?" என்றேன்.

"அவள் திரும்புகிறேன் என்கிறாள். அவள் அம்மா வேண்டாம் என்கிறாள்" என்றார்.

"நீங்கள்?"

அவர் குலை வெட்டும் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிறிது நேரம் செம்பனைகளையே பார்த்தார். "இந்தப் பனையில் ஏற வேண்டியதில்லை, பாக் குரு. கீழே நின்றே வெட்டலாம். ஆனால் இதிலிருந்து ஒரு வாய் குடிக்க முடியாதே" என்றார்.

அடுத்த முறை ஊருக்குப் போய் வரும்போது ஒரு கட்டிச் சர்க்கரை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.